துணைவேந்தர் நாற்காலி வரை

(நெய்வேலி நகரியத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள், சுரங்க, அனல்மின் நிலைய ஊழியர் குடும்பத்தினர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உயர்கல்வியில் சமத்துவமும் தலைமையும் என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பேச வேண்டியதைச் சுரங்க ஊரில் ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இதைப் பேச நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் 46ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பெண்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது; தரைக்கு மேல் உள்ள பகுதிகளிலும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் அவர்கள் வேலை செய்யலாம் என்றது அந்தப் பிரிவு. நம்முடையது திறந்தவெளிச் சுரங்கம். மண்ணை வெட்டும் சக்கர இயந்திரங்கள் மூன்று ஷிப்டும் சுழல்கிற இடம். இரவு ஷிப்டுக்கு வர முடியாத பொறியாளரைச் சுரங்கப் பிரிவுக்கு யார் எடுப்பார்கள்? வேலை கிடைக்காத படிப்பில் பெண்ணை எந்தக் கல்லூரி சேர்க்கும்? எந்தப் பெற்றோர் சேர்ப்பார்கள்? அதனால் சுரங்கப் பொறியியல் என்கிற பாடமே பல கல்லூரிகளில் பல காலம் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1990களில் நாக்பூரில் சந்திராணி பிரசாத் வர்மா என்கிற பெண், சுரங்கத் தொழிலாளியின் மகள், அந்தப் படிப்பில் சேர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. படித்து முடித்தார், மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியானார். 2019ஆம் ஆண்டில்தான் மத்திய அரசு விலக்கு அளித்து, திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு வேலைக்கும், நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கும் பெண்களை அனுமதித்தது. 2021இல் ஜார்க்கண்டில் ஆகாங்ஷா குமாரி நிலத்தடிச் சுரங்கத்தில் பொறியாளராகப் பணியில் சேர்ந்தபோது நாடே செய்தியாகப் படித்தது.

இதில் ஒரு தொடர் இருப்பதைக் கவனியுங்கள். சட்டம் வேலையைத் தடுத்தது. வேலை இல்லாததால் படிப்பு மூடியது. படித்த பெண் இல்லாததால் அந்தத் துறையில் ஆய்வு செய்த பெண் அரிது. ஆய்வு செய்தவர் இல்லாதபோது பேராசிரியர் எங்கிருந்து வருவார்? பேராசிரியர் இல்லாத இடத்தில் துறைத் தலைவரும் முதல்வரும் எப்படி வருவார்கள்? சட்டத்தின் ஒரு பிரிவில் தொடங்கியது கல்லூரியின் தலைமை நாற்காலி வரை போய் நிற்கிறது. மற்றத் துறைகளில் இப்படி எழுதப்பட்ட தடை கிடையாது. ஆனாலும் கடைசியில் அந்த நாற்காலியில் அமர்கிறவர்கள் அநேகமாக ஒரே வகையினராகவே இருக்கிறார்கள். எழுதப்படாத தடை எங்கே இருக்கிறது என்று தேடும் ஆய்வாளர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை உங்கள் முன் வைப்பதே இன்றைய என் வேலை.

முதலில் நாம் பெருமைப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு உயர்கல்வியில் சேர்ந்தவர்களின் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4 விழுக்காடு. தமிழ்நாட்டில் 47. அதிலும் பெண்களின் விகிதம் 47.3, ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல். இது தானாக வந்ததன்று. 1921ஆம் ஆண்டின் வகுப்புவாரி அரசாணையிலிருந்து, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வரை நூறாண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. காலையில் விருத்தாசலம் பக்கமும் கடலூர் பக்கமும் போகிற பேருந்துகளைப் பாருங்கள். கல்லூரிப் பையோடு நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேருடைய தாய் பள்ளியைத் தாண்டியிருப்பார்?

ஆனால் இந்தக் கணக்கு வாசலில் எடுத்த கணக்கு. உள்ளே நுழைந்தவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அது சொல்லாது.

பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வியும் சமத்துவமும் பற்றி நெடுங்காலம் ஆய்ந்தவர் பேராசிரியர் லூயிஸ் மோர்லி. அவரும் பார்பரா கிராஸ்வார்டும் சேர்ந்து பிரிட்டிஷ் கவுன்சிலுக்காகத் தெற்காசியாவின் ஆறு நாடுகளில் பெண்களின் உயர்கல்வித் தலைமை பற்றி ஆய்வு செய்து 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவைப் பற்றி அதில் உள்ள செய்தி நம் நெஞ்சைத் தைக்க வேண்டியது. துணைவேந்தர்களில் பெண்கள் 3 விழுக்காடு. எண்ணிக்கையில் 13 பேர். அந்தப் பதின்மூவரிலும் ஆறு பேர் மகளிர் பல்கலைக்கழகங்களுக்குத் தலைவர்கள். சுதந்திரம் பெற்ற இரண்டே ஆண்டுகளில், 1949இல், ஹன்சா மேத்தா பரோடாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். அதற்குப் பிறகு அந்த அறிக்கை வந்த காலம் வரை நாம் வந்து சேர்ந்திருந்த இடம் அவ்வளவுதான். நம் மாநிலத்தில் 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஜெயா கோத்தை பிள்ளை அதன் முதல் துணைவேந்தரானார். மகளிர் பல்கலைக்கழகங்கள் செய்த நன்மை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெண் தலைமை தாங்கலாம், பெண்களுக்கு மட்டும் தாங்கலாம் என்று ஒரு வேலி நம்மை அறியாமலே விழுந்துவிட்டதோ என்று அந்த எண்ணிக்கை கேட்க வைக்கிறது.

அந்த அறிக்கை எண்ணிக்கையோடு நிற்கவில்லை. பெண்கள் நிராகரிக்கப்படுகிறார்கள் என்று சொன்னதோடு, தகுதியுள்ள பெண்கள் பலர் தாங்களே வேண்டாம் என்று விலகுவதையும் பதிவு செய்தது. ஏன் விலகுகிறார்கள்? அந்தப் பதவி இன்றிருக்கும் விதத்தில் அரசியல் தரகும், முடிவில்லாத நேரமும், வீண்பழியும் நிறைந்ததாக அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு, பெண்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். நேர்மையான ஒருவர் ஏறத் தயங்குகிற நாற்காலி என்றால், பழுது நாற்காலியில் இருக்கிறது.

இன்னொரு சாக்கு, குடும்பம். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமனார் மாமியார், கணவரின் மாற்றல் இவையெல்லாம் பெண்ணின் ஆய்வு வாழ்வை முடித்துவிடுகின்றன என்று எல்லாரும் சொல்கிறோம். 2010இல் இந்திய அறிவியல் அகாதமியும் பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனமும் சேர்ந்து, அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற பெண்கள் ஏன் ஆய்வுலகை விட்டுப் போகிறார்கள் என்று விசாரித்தன. அனிதா குருப்பும், இயற்பியல் அறிஞர் ரோகிணி கோட்போலேயும் அந்த ஆய்வில் முன்னின்றவர்கள். குடும்பம்தான் காரணம் என்கிற எண்ணத்தை அது பலமாகக் கேள்வி கேட்டது. தேடியும் வேலை கிடைக்காமல் போனவர்கள் அதில் கணிசமானவர்கள். கதவு திறக்காத நிறுவனம், பெண்ணின் வீட்டைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. கோட்போலே 2024இல் மறைந்தார். இந்தியப் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி அவர் ராம் ராமசாமியோடு சேர்ந்து பதிப்பித்த ‘லீலாவதியின் புதல்விகள்’ என்கிற ஆங்கில நூலை இங்குள்ள பள்ளி நூலகங்கள் வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்களோடு பழகிய பொறியாளர்களும் கணக்காளர்களும் நிறைந்த அவை இது, பொறுத்துக்கொள்வீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு முதல் படி உயர 4 ஆண்டு, அடுத்த படிக்கு 5 ஆண்டு, இணைப் பேராசிரியர் ஆக 3 ஆண்டு, பேராசிரியர் ஆக மேலும் 3 ஆண்டு. எந்தக் கோப்பும் எந்த மேசையிலும் தங்காமல் நடந்தால் 15 ஆண்டு. துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராக 10 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆக 25.

வீட்டில் ஏற்கெனவே பேராசிரியர்கள் இருக்கிற, நகரத்தில் படித்த ஒருவர் 28 வயதில் நிரந்தரப் பணியில் சேர்கிறார் என்று வையுங்கள். 53 வயதில் அவர் தகுதி பெறுகிறார். இன்னொருவர், இங்கே பக்கத்துக் கிராமத்தில் முதல் தலைமுறையாகப் படித்து, நடுவில் கல்யாணம், குழந்தை, பிறகு முனைவர் பட்டம் என்று ஏறி வந்த பெண். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் பத்தாண்டு வகுப்பெடுக்கிறார். மற்றவர்களைப் போலவே பாடம் நடத்துகிறார், தாள் திருத்துகிறார், சேர்க்கை வேலை பார்க்கிறார். நிரந்தரப் பணி கிடைக்கும்போது வயது 40. தொகுப்பூதியத்தில் கழிந்த ஆண்டுகள் பெரும்பாலும் பதவி உயர்வுக் கணக்கில் சேர்வதில்லை. நாற்பதோடு இருபத்தைந்தைக் கூட்டுங்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. அவரை எந்தத் தேர்வுக் குழுவும் நிராகரிக்கவில்லை. யாரும் ஒரு தீய சொல் சொல்லவில்லை. ஆனாலும் அவர் பேராசிரியராகப் பத்தாண்டு முடிப்பது நடக்காத காரியம். கணக்கே அவரை வெளியே நிறுத்திவிட்டது. உயர்கல்வித் தலைமையில் சமத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர் பிரச்சினையை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நாளைய முதல்வர்களையும் துணைவேந்தர்களையும் நாம் அங்கேதான் இழக்கிறோம்.

இதே போல இன்னொரு கணக்கு, இனச்சுழற்சிக் கணக்கு; எந்த வரிசையில் வரும் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு என்று வகுக்கும் பட்டியல். 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளாமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்றது அது. கேட்பதற்குச் சாதாரண நிர்வாக மாற்றம் போலத் தோன்றும். முன்பிருந்தது 200 புள்ளிப் பட்டியல். வந்தது 13 புள்ளிப் பட்டியல். அதில் முதல் மூன்று இடங்கள் பொதுப் பிரிவு, நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோர், ஏழாவது இடம் பட்டியல் சாதியினர், பதின்மூன்றையும் தாண்டிய பதினான்காவது இடம்தான் பழங்குடியினர். ஒரு துறையில் பேராசிரியர் பணியிடம் எத்தனை இருக்கும்? ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஏழாவது பேராசிரியர் எந்தத் துறையில் இருக்கிறார்? பதினான்காவது பேராசிரியரை எங்கே தேடுவது? சட்டப் புத்தகத்தில் இடஒதுக்கீடு அப்படியே இருக்கும், நியமனத்தில் இருக்காது. ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தெருவுக்கு வந்து போராடினார்கள். இதன் விளைவை விளக்கிச் சொன்னவர்கள் உயர்கல்வி ஆய்வாளர்கள்தாம். அவர்கள் பட்டியல் போட்டுக் காட்டியிராவிட்டால் அது வெறும் அலுவலகச் சுற்றறிக்கையாகவே போயிருக்கும். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம் முழுவதுமே ஓர் அலகு என்று உறுதி செய்தது. ஆய்வு என்பது நூலகத்தில் தூங்குகிற காகிதம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றரை ஆண்டு வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சரி, இடஒதுக்கீடு போன்ற இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் எதிராக எப்போதும் எழுகிற குரல், தகுதி போய்விடும் என்பது. இதைப் பற்றி அஜந்தா சுப்பிரமணியன் என்கிற மானிடவியல் அறிஞர் எழுதிய ஆங்கில நூல் 2019இல் வந்தது. ‘தகுதியின் சாதி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. பல தலைமுறைகளாகச் சேர்ந்த கல்வி, மொழி, தொடர்பு ஆகியவை எப்படிப் பிறவித் திறமை போலத் தோற்றம் கொள்கின்றன என்பதை அந்த நூல் படிப்படியாகக் காட்டுகிறது. தங்களுக்குச் சாதியே இல்லை, தகுதி மட்டும்தான் உண்டு என்று ஒரு பகுதியினரால் சொல்ல முடிகிறது. மற்றவர்கள் நெற்றியில் மட்டும் சாதி ஒட்டப்படுகிறது. பயிற்சி மையத்தில் படித்து வந்தவர், இயல்பிலேயே கெட்டிக்காரர் என்று மாணவர்களைப் பிரித்துப் பேசுகிற பழக்கம்கூட இந்தச் சண்டையின் பகுதி என்கிறார் அவர். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற பெற்றோர் இங்கே பலர். அந்த நூலின் வாதம் உங்கள் வீட்டுக் கூடம் வரை வரும்.

தகுதி எவ்வளவு நடுநிலையோடு அளக்கப்படுகிறது என்பதைச் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் சோதித்தே பார்த்தார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள்; பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயர் கொண்டவருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயர் கொண்டவருக்கு 0.67, முஸ்லிம் பெயர் கொண்டவருக்கு 0.33. 2007இல் வெளியான ஆய்வு இது. படித்த படிப்பும் பெற்ற மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தும் பெயர் வேலையைத் தீர்மானித்தது. தோராட் மகாராஷ்டிரத்தில் அம்பேத்கர் நிறுவிய மிலிந்த் கல்லூரியில் படித்தவர். 2006 முதல் 2011 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் தேர்விலும் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்த குழுவுக்கும் அவரே தலைவர். ஒதுக்கலைப் பற்றி ஆய்கிறவர் தலைமைக்கு வந்தால் என்ன கேள்விகள் கேட்கப்படும் என்பதற்கு அவர் உதாரணம். வேறொருவர் தலைவராக இருந்திருந்தால் எய்ம்ஸ் விடுதி அறைகளில் யார் யாருடன் தங்குகிறார்கள் என்று கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். சமத்துவ ஆய்வு பல்கலைக்கழகத்துக்குள் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளி நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 1929இல். காட்டுமன்னார்கோயிலில் பிறந்த எல். இளையபெருமாள் மக்களவை உறுப்பினராக இருந்தவர். தீண்டாமை பற்றியும், பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி பற்றியும் ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். நாடு முழுவதும் சுற்றி, எந்த ஊரில் எந்த வடிவத்தில் தீண்டாமை இருக்கிறது என்று திரட்டி 1969இல் அறிக்கை தந்தார்கள். அந்த அறிக்கையின் பின்னணியில்தான் 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக வலுப்பெற்றது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்கிற பரிந்துரையும் அதில் உண்டு. கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகளில் சமூகவியலும் அரசியலும் படிக்கிற மாணவர்கள் எத்தனை பேர் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்? வெளிநாட்டுப் பேராசிரியர்களின் பெயர்களைச் சொன்ன நானே கேட்கிறேன், இந்த மண்ணிலிருந்து போன ஒருவர் திரட்டிய சான்றை நாம் ஆய்வு என்று மதித்திருக்கிறோமா?

தலைமைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வே. வசந்தி தேவி. திண்டுக்கல்லில் 1938இல் பிறந்தவர். தொழிற்சங்க முன்னோடியும் சென்னை மேயராக இருந்தவருமான சக்கரை செட்டியாரின் பேத்தி. அரசுக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்து, ஆசிரியர் இயக்கத்தில் நின்று போராடி, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் முதல்வராகி, 1992இல் திருநெல்வேலியின் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். ஆறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அது மகளிர் பல்கலைக்கழகம் அன்று. தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் கொழுந்துவிட்ட காலம் அது. அப்போது ஒரு பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தோடும் தேர்வோடும் ஒதுங்கி நிற்கக் கூடாது, மாணவர்களைச் சமூகத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர் அவர். பிறகு மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். மனித உரிமைக் கல்வியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் வேலையில் ஈடுபட்டார். அரசுப் பள்ளிகளைக் காக்கும் இயக்கத்தை எண்பதை நெருங்கிய வயதிலும் நடத்தினார். சுந்தர ராமசாமி அவரோடு உரையாடி உருவான ‘தமிழகத்தில் கல்வி’ என்கிற நூலைக் கல்வியில் அக்கறையுள்ள எல்லாரும் படிக்க வேண்டும். ஓர் எழுத்தாளர் கேட்கக் கேட்க, ஒரு கல்வியாளர் தன் அனுபவத்தை எவ்வளவு வெளிப்படையாகத் திறந்து வைக்கிறார் என்பதற்காகவே படிக்கலாம். 2025 ஆகஸ்ட் 1 அன்று அவர் காலமானார்.

அவரை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண் ஒருவர் தலைவராவது மட்டும் சமத்துவம் ஆகாது. தலைவரானவர் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு எந்தக் கேள்விகளைக் கேட்டார் என்பதே முக்கியம். வசந்தி தேவி பெண்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. சாதியைக் கேட்டார், ஏழைப் பிள்ளையின் பள்ளியைக் கேட்டார், ஆசிரியரின் கடமையையும் கேட்டார். போராட்டக் களத்திலிருந்து நிர்வாகத்துக்கு வந்தவர் போராட்டக்காரர்களின் கேள்விகளைக் கைவிடவில்லை. இன்னொரு காரணத்துக்காக, அம்பாசமுத்திரத்தில் தமிழ்வழியில் படித்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகி, 2022இல் நாட்டின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்துக்கே முதல் பெண் தலைமை இயக்குநரான ந. கலைச்செல்வியின் உயர்வும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்வழி மாணவியால் ஆய்வில் நிற்க முடியுமா என்று தயங்குகிற பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். அந்த மன்றம் 1942இல் தொடங்கியது. 80 ஆண்டு கழித்து வந்த முதல் பெண், நம் மாநிலத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து போனவர்.

கடல் தாண்டி இலங்கையையும் பாருங்கள். அங்கே பல்கலைக்கழகங்களில் பெண் மாணவர்கள் ஆண்களைவிட அதிகம். சுவர்ணா ஜயவீர போன்றவர்கள் பெண் கல்வி பற்றிப் பல பத்தாண்டுகள் சான்று திரட்டி எழுதினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சாவித்திரி குணசேகர நாட்டின் முதல் பெண் துணைவேந்தரானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 2011இல் வசந்தி அரசரட்ணம் முதல் பெண் துணைவேந்தராக வந்தார். அதே யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, போரில் எல்லாத் தரப்பும் செய்த கொடுமைகளை ஆவணமாக்கியவர், 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைப் பதிவு செய்கிற ஆய்வாளர் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை நம் மொழி பேசுகிற ஒரு பல்கலைக்கழகம் அறியும்.

நம் மாநிலத்தில் துணைவேந்தரை யார் நியமிப்பது என்கிற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து வந்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களின் கையில் ஓடின. மாநில உரிமை பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நியமிக்கும் கை யாருடையது என்று இவ்வளவு பேசிய நாம், தேடல் குழுவில் எத்தனை பெண்கள், பரிந்துரைப் பட்டியலில் எந்தச் சமூகத்தினர், ஆட்சிக்குழுவில் யார் யார் என்று கேட்டோமா? துணைவேந்தர் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. புல முதன்மையருக்கும் கிடையாது. விதி இல்லாத இடத்தில் வெளிச்சமாவது வேண்டும்.

சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தளம் நிற்கும். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இனிப் பம்பை நிறுத்தலாம் என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். மாணவர் சேர்க்கையில் 47 விழுக்காட்டைக் கண்டுவிட்டோம், இனிச் சமத்துவம் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். இந்த நகரியத்திலும் சுற்று வட்டாரத்திலும் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் ஒரே ஒரு பக்கம் வெளியிடுங்கள். உங்கள் கல்லூரியில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்தச் சமூகப் பிரிவிலிருந்து எத்தனை பேர், துறைத் தலைவர்கள் யார், நிர்வாகக் குழுவில் யார். இதற்குச் செலவு இல்லை, அரசாணை தேவையில்லை. ஆசிரியர்களே, முதல் தலைமுறை மாணவியிடம் ஆய்வுத் திறமை தெரிந்தால், பி.எட். முடித்துவிட்டு வேலைக்குப் போ என்று சொல்வதற்கு முன்னால் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் 26 வயதில் ஆய்வு மாணவியாக இருப்பது காலதாமதமன்று. முன்பு சொன்ன 25 ஆண்டுக் கணக்கை உரிய வயதில் தொடங்க வேண்டுமானால், அவள் ஆய்வில் இருக்க வேண்டிய வயதே அதுதான்.

மாணவிகளே, மாணவர்களே, ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் தொலைவில் தேட வேண்டாம். கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகளில் கடந்த முப்பது ஆண்டுகளில் முதல்வர்களாக இருந்தவர்கள் யார் யார், அவர்கள் அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வந்தார்கள், வர முடியாமல் போனவர்கள் எங்கே நின்றார்கள் என்று எடுத்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நாளைக்கே உங்கள் கல்லூரி அலுவலகத்தில் முதல் கேள்வியைக் கேளுங்கள்.